நீலப் புள்ளி வைத்த கட்டங்கள்

சேசு மரி சூசை துணை

மர்பி டவுன், பெங்களூர்
1997 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லீனாவுக்கு,

அப்பா மதலைமுத்து எழுதுகிறேன். யாரோ எழுதிக் கொடுத்தது என்று நீ நினைத்தால் அது தப்பு. ஒவ்வொரு எழுத்தும் என் கையால் போட்டது. காலைப் பூசை முடிந்து உட்கார்ந்தேன். இப்போது வெயில் சன்னலை விட்டுப் போய்விட்டது, நான் இன்னும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. உன் அம்மா மாதா சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீயும் மாப்பிள்ளை பெர்னார்டும் சுகமா? உன் ஆஸ்பத்திரியில் இரவு வேலை குறைந்ததா? இங்கே மழை சரியாகப் பிடிக்கவில்லை. காலையில் மட்டும் குளிர்கிறது. என் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

உன் மஸ்கட் விலாசம் இங்கிலீஷில் இருக்கிறது. உன் பழைய உறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படம் வரைவது போல வரைந்திருக்கிறேன். போஸ்ட்மேன் உமேஷிடம் காட்டினேன். "ஸூப்பர் தாத்தா, போய்ச் சேரும். ஆனா பார்க்கிறவங்க எறும்பு ஊர்ந்துச்சுனு நெனப்பாங்க" என்றான். சேர்ந்தால் போதும், எறும்பு ஊர்ந்தாலும் சரி.

ஆயுளில் பாதியை பேக்கரி அடுப்பின் முன்னால் கழித்தவன் நான். கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரலை நீட்டியவன். சீதாலட்சுமி டீச்சர் கோவில் ஹாலில் சாயங்கால வகுப்பு தொடங்கியதும், உன் அம்மாதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். இப்போது கோவில் அறிவிப்புப் பலகையை முழுசாகப் படிக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே நடக்கிறேன். தீப்பெட்டியைக்கூட விடுவதில்லை. ஆனால் பார், இந்த ஊரில் பஸ் போர்டு கன்னடத்தில் இருக்கிறது. எழுபது வயதில் படிக்கக் கற்றும், சிவாஜிநகர் பஸ் எது என்று பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்கிறேன். அம்மா சிரிக்கிறாள். "இன்னொரு எழுபது வருசம் இருங்க, கன்னடமும் வந்துரும்" என்கிறாள்.

இப்போது முக்கியமான விஷயம். வாரப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை அம்மா விடாமல் போடுவாள் அல்லவா? எல்லாக் கட்டத்தையும் நிரப்பிய பிறகு, நிழல் அடித்த கட்டங்களில் உள்ள எழுத்துகளைக் கோத்தால் ஒரு கடைசி விடை வரும். அதைத்தான் கார்டில் எழுதிப் போடுவாள். நான் வீட்டில் எழுதிப் பழகவில்லை என்று டீச்சர் புகார் சொன்னதும், அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு எனக்கென்று ஒரு புதிர் செய்தாள். குறிப்புகளைக் கீழே எழுதினாள். சில கட்டங்களில் துணிக்குப் போடும் நீலத்தைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தாள். "புள்ளி வெச்ச கட்டத்தையெல்லாம் வரிசையா சேர்த்துப் படிங்க. அதுதான் இன்னைக்கு மதியச் சாப்பாடு. கண்டுபிடிச்சா கெடைக்கும். இல்லன்னா கஞ்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முதல் ஞாயிறு கஞ்சி. இரண்டாவது ஞாயிறும் கஞ்சிதான். மூன்றாவது ஞாயிறு நான்கு புள்ளிக் கட்டங்களையும் சேர்த்தேன். க, ரு, வா, டு. லீனா, நான் தெருவில் போய் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு டோரீன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். "கருவாடு!" என்றேன். "ஓ அங்கிள், வாசனையே வருதே, இதுக்கா இவ்ளோ சத்தம்?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? மூக்கால் தெரிந்துகொள்வது வேறு, படித்துத் தெரிந்துகொள்வது வேறு.

இனி, அம்மா இல்லாத நேரத்தில் எழுதுகிற காரணம். நான் படிக்கத் தொடங்கிய நாள் முதல் உன் கடிதங்கள் சிறுத்துவிட்டன. முன்பெல்லாம் நான்கு பக்கம் வரும், அம்மா படிக்கக் கேட்பேன். இப்போது "இங்கு சுகம், அங்கு சுகமா" என்று அரைப் பக்கம். நான் படிக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா? புதிர்களும் மாறிவிட்டன. கடைசி விடையாகச் சாப்பாடு வருவதில்லை. போன வாரம் வந்தது "நடு அலமாரி". போய்த் திறந்து பார்த்தேன். என் மாத்திரைகள், கேஸ் சிலிண்டர் புத்தகம், வீட்டு வரி ரசீது, எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறாள். இத்தனை வருஷமாக நான் கேட்பேன், அவள் எடுத்துத் தருவாள். இப்போது எதற்காக எனக்கு இடம் காட்டுகிறாள்? நீயே சொல்.

பதில் எழுது. பெரிதாக எழுது, என்னால் படிக்க முடியும். தேவமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அன்பு அப்பா,
மதலைமுத்து (இது கையெழுத்து, கைநாட்டு இல்லை)


சேசு மரி சூசை துணை

மர்பி டவுன்
செப்டம்பர், மாதா பிறந்த நாள் முடிந்த மறுநாள்

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சுவிடாதே. ஆஸ்பத்திரி வராந்தாவிலோ எங்கேயோ தனியாக உட்கார்ந்து படி.

உன் பதில் வந்தது. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் நான் கேட்டதற்கு நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. "அம்மா விளையாட்டுக்குச் செய்வார்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் விளையாட்டா என்று நீயே முடிவு செய்.

ஒரு புதிரின் கடைசி விடை "சோறு வடி". கூடத்தில் இருந்தபடி சத்தமாகப் படித்தேன். அம்மா அடுப்படியில் முக்காலியைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் உலை வைத்து வடிக்க வேண்டுமாம். கன்டோன்மென்ட் முழுவதற்கும் ரொட்டி சுட்டவன்தான், ஆனால் இந்த வீட்டில் ஒரு நாளாவது நான் அடுப்புப் பற்ற வைத்து நீ பார்த்திருக்கிறாயா? கஞ்சி கையில் கொட்டியது. "தட்ட அப்படிப் புடிக்காதீங்க, சாய்ச்சுப் புடிங்க" என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு கொசு கடித்தாலும் ஓடி வருகிறவள் அவள். பிறகு பர்னால் தடவிவிடும்போது கண் கலங்கி இருந்தது. வெங்காயம் என்றாள். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே வெட்டவில்லை.

அடுத்த விடை "டோரீன் போன்". அவசரம் என்றால் டோரீன் வீட்டுப் போனில் யாரைக் கூப்பிட வேண்டும், எப்படிச் சுற்ற வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அங்கேதான் நான் அதைப் பார்த்தேன். டோரீன் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஓர் உறை. உன் ஊர்த் தபால்தலை. உன் கையெழுத்து, நான் வரைந்து வரைந்து பழகிய கையெழுத்து. நான் பார்ப்பதைப் பார்த்த டோரீன் அதன்மேல் கூடையைத் தூக்கி வைத்தாள். நான் அதை எடுத்துப் படிக்கவில்லை. யார் பேர் போட்டிருக்கிறதோ அவர்களுக்குத்தான் கடிதம், அதுகூடத் தெரியாதவன் இல்லை உன் அப்பா. ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒரு கதையும் டோரீன் வீட்டுக்கு ஒரு கதையும் எழுதுகிறாய் என்பது தெரிந்துவிட்டது.

போன மாதம் ஒரு புதன்கிழமை. எந்தப் புனிதருக்கும் அன்று திருநாள் இல்லை. உன் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டைக் கட்டிக்கொண்டு, டோரீனோடு கிளம்பினாள். எங்கே என்றேன். "சும்மா, அல்சூர் வரைக்கும்" என்றாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சும்மா போகிற இடம் அல்சூரில் எது? நானும் அறுபது வருஷமாக அல்சூரைப் பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே போலீஸ். ஆமாம், போலீஸ்தான். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கான்ஸ்டபிள் கன்னடத்தில் கேட்டார், பெர்னதெத் என்பவர் உங்கள் ஹெண்டத்தியா என்று. என் மனைவிதான் என்றேன். அவர் பேரில் ஏதாவது கேஸ் இருக்கிறதா என்றார். கேஸா! மாதா சபைச் செயலாளர் அவர், எறும்பு மருந்துகூடப் போட மாட்டார் என்று கன்னடத்தில் சொன்னேன். அம்மா உள்ளேயிருந்து காப்பியோடு வந்தாள். அவர் வருவார் என்று காத்திருந்த மாதிரி. அவர் போனதும், "ரேஷன் கார்டு விசாரணைங்க" என்றாள். ரேஷன் கார்டுக்கு எந்த ஊரில் போலீஸ் வருகிறது?

எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறேன் லீனா. மாத்திரை இருக்கும் இடம் காட்டுகிறாள். சோறு வடிக்கப் பழக்குகிறாள். அவசரத்துக்குப் போன் சுற்றக் கற்றுக்கொடுக்கிறாள். போலீஸ் மட்டும் எதிலும் பொருந்தவில்லை. மற்றதெல்லாம் ஒரே பக்கம்தான் போகிறது. அவள் இல்லாமல் நான் இருக்கப் பழக வேண்டும். எதற்காக? அம்மாவுக்கு என்ன நோய்? நீ நர்ஸ். உனக்குத் தெரியாமல் இருக்காது. ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் நான் வீட்டில் பார்க்கவில்லை. ஒருவேளை அதுவும் டோரீன் வீட்டில் இருக்கலாம்.

நான் வெளியே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். புதிர் போடுகிறேன், கத்துகிறேன். ராத்திரியில் அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். குறட்டை பலமாகத்தான் இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று எழுது.

உண்மையை எழுது, மகளே. உன்னைப் படைத்த ஆண்டவர் உனக்கு அந்தத் தைரியத்தைத் தரட்டும்.

அப்பா


சேசு மரி சூசை துணை

மர்பி டவுன்
நவம்பர், கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம்

என் செல்ல மகளுக்கு,

"அம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை, ஜெபமாலை மேல் சத்தியம், கண்டதையும் நினைக்காதீர்கள்" என்று மூன்று வரி எழுதினாய். சத்தியம் செய்ததும் என் சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. சின்ன வயதில் டோரீன் வீட்டுக் கொய்யாவைப் பறித்துவிட்டும் நீ இப்படித்தான் சத்தியம் செய்வாய்.

நேற்று ஞாயிறு. பூசையிலிருந்து வந்ததும் அம்மா ஒரு தாளைக் கொடுத்தாள். வழக்கம் போல இல்லை, பெரிய புதிர். புள்ளி வைத்த கட்டங்கள் ஒன்பது. கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் ஒன்றையும் காணோம்.

குறிப்புகளை உனக்கும் எழுதுகிறேன். "கோவிலில் அடிப்பது." மணி. "பேர் தெரியாமலே நீங்கள் ஏறுவது." பஸ். இது என்னைக் கிண்டல் செய்து போட்டது. "சாத்தினேனா என்று நீங்கள் இரண்டு முறை எழுந்து பார்ப்பது." கதவு. "உங்கள் கை அறிந்தது." ரொட்டி. இந்த நான்கிலும் புள்ளி வைத்த கட்டங்களைச் சேர்த்தேன். ம, ஸ், க, ட். கை அப்படியே நின்றுவிட்டது. உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, அதை மறைத்துத்தான் இத்தனையும் நடக்கிறது என்று நினைத்தேன். மீதியையும் படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"குளிர் வந்தால் நீங்கள் இழுத்துக்கொள்வது, நான் விட்டுக்கொடுப்பது." போர்வை. "சின்னது, வெடிக்கும், தாளிக்கும்." கடுகு. "மண்ணில் செய்தது, மீன் வேகும்." சட்டி. "இரண்டு பேரில் ஒருவர் மட்டும் இருந்தாலும் இதற்கு இதுதான் பெயர்." இதில் வெகுநேரம் நின்றேன். வீடு. "மறந்தால் சண்டை." மாத்திரை.

எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். மஸ்கட் போகட்டுமா.

அடுப்படிக்குப் போனேன். அம்மா அதே முக்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நோய் இல்லையா உனக்கு?" என்றேன். "எனக்கு இன்னா நோயி? நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "ஐயோ, அப்படியா நெனச்சீங்க?" என்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேனா என்று அவளிடம் கேட்காதே, அவள் மிகைப்படுத்திச் சொல்வாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. உனக்கு ஜனவரியில் பிரசவம். அல்சூருக்குப் போனது போட்டோ எடுக்க. போலீஸ் வந்தது பாஸ்போர்ட்டுக்கு. டோரீன் வீட்டுக்குப் போனதெல்லாம் உன் நிஜக் கடிதங்கள். டிசம்பர் முதல் வாரத்துக்கு மாப்பிள்ளை டிக்கெட்டே எடுத்துவிட்டார். டிக்கெட் எடுத்த பிறகு அனுமதி கேட்கிற குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். மர்பி டவுனில் எனக்கும் டோரீன் வீட்டு நாய்க்கும் மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஏன் வாயால் கேட்கவில்லை என்றேன். "வாயால கேட்டா ஒரே வார்த்தையில 'வேணாம்'னுட்டுத் துண்ட ஒதறிக்கினு போயிருப்பீங்க. எழுதிக் கேட்டா ஒரு ஒரு எழுத்தா தேடணும். தேடுறதுக்குள்ள கொஞ்சம் யோசிப்பீங்க இல்ல?" என்றாள். அதனால்தான் என்னைப் படிக்க அனுப்பினாளா என்று கேட்டேன். "போன தடவ அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில தனியா கெடந்து, கொழந்தையும் இல்லாம வெறும் கையோட வீட்டுக்குப் போச்சு. இந்தத் தடவ நான் பக்கத்துல இருப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

"ப்ளேன் விழுந்தால்?" என்றேன். "விழுந்தா இன்னா, சோறு வடிக்கத் தெரியும் இல்ல உங்களுக்கு?" என்றாள். இந்தப் பெண்பிள்ளையோடு எப்படிப் பேசி ஜெயிப்பது?

நேற்று முழுவதும் நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன்னிடம் மறைக்க மாட்டேன். உன் அம்மா செத்துப்போகப் போகிறாள் என்று இரண்டு மாதம் பயந்தவனுக்கு, அவள் ப்ளேனில் போய் வருவது சின்ன விஷயமாகத்தான் தெரிய வேண்டும். தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு. அப்புறம் அவள் இல்லாத கிறிஸ்துமஸ் கண் முன்னால் வந்துவிட்டது. இந்த வீட்டில் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தனியாகத் தூங்கியதே இல்லை.

இன்று காலை அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் காலண்டர் தாளைக் கிழித்து நானே கட்டம் போட்டேன். ஸ்கேல் இல்லை, சப்பாத்திப் பலகையின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டேன். மூன்றே வார்த்தைகள்தான். "எனக்குப் பிடித்தது, நீ வருஷத்துக்கு ஒரு முறைதான் செய்வது." போளி. "நீ இல்லாவிட்டாலும் இதில் ஓரமாகத்தான் படுப்பேன்." பாய். "தினமும் நீ கூட்டுவது, இனி நான் கூட்ட வேண்டியது." வாசல். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்தில் புள்ளி வைத்து, அடுப்பு மேடையில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கீழே கடைசி விடையை அவள் முத்து முத்தாக எழுதியிருந்தாள். போய் வா. "கட்டம் கோணலா இருக்குது" என்று சொல்லிவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆகவே அம்மா வருகிறாள். அவளைப் பற்றிச் சில விஷயங்கள், நீ சின்ன வயதிலேயே வெளியூர் போய்விட்டாய், உனக்குத் தெரிந்திருக்காது. பசித்தால் சொல்ல மாட்டாள், நீயாகத் தட்டில் போடு. பகலில் தூங்கினால் எழுப்பாதே. ஏசி ஆகாது, முழங்கால் பிடித்துக்கொள்ளும். கோபம் வந்தால் ஜெபமாலை சொல்வாள், அந்த நேரத்தில் குறுக்கே போகாதே.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழந்தைக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடாதே. அவசரம் என்றால் வேறு. அவசரம் வராது. அது வராமல் இருக்கத்தான் அம்மா வருகிறாள். நம் கோவில் தொட்டியில்தான் உனக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், உன் பிள்ளைக்கும் அங்கேதான் ஊற்ற வேண்டும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை பெயரைக் கேட்டார். பிறகு தருகிறேன், தேதியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார், நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். நாள் குறித்தாகிவிட்டது லீனா. கோவிலுக்குக் கொடுத்த வாக்கு. அம்மாவுக்கு அந்த ஊர் பிடித்துப்போனாலும், நீ எத்தனை நாள் இருக்கச் சொன்னாலும், பிள்ளை அவள் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றாலும், அந்த ஞாயிறு எல்லோரும் இங்கே இருக்க வேண்டும். அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வா.

தேவமாதா உங்கள் மூன்று பேரையும், இல்லை, இனி நான்கு பேர், உங்கள் நான்கு பேரையும் பத்திரமாக வைத்திருந்து, குறித்த நாளில் என் வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

காத்திருக்கும் அப்பா,
மதலைமுத்து